கட்டுரைக் கொப்பியிற் கண்ட இன்பம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருதல் வேண்டும் என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, அதனை அடுத்த திங்கட்கிழமைக்குள் ஒப்படைத்தல் வேண்டும் என்றும் கூறினர். மாணாக்கருக்கு இருபது ஆண்டுகளாக நாம் விதித்து வருங் கட்டளையும் அதுவே. ஆயினும் நாம் நான்கு திங்கட்கிழமைகளைக் கடத்தினோம். முதல் வாரம் காய்ச்சல் என்றோம். இரண்டாம் வாரம் எழுதியதை வீட்டில் வைத்துவிட்டு வந்தோம் என்றோம். சாட்டுச் சொல்வதில் மாணாக்கரே எமக்கு ஆசிரியராயினர். தாமதத்தைப் பொறுத்துக்கொண்ட குழுவினருக்கு நன்றி கூறி, எமது தொழிலைப் பற்றியே சில சொல்ல முற்படுகின்றோம்.

தமிழாசிரியர், அவருள்ளுங் கட்டுரை எழுதுவிக்கும் ஆசிரியர், பிறரால் இரங்கப்படுபவர். கணிதம் கற்பிக்கும் நண்பர் சரி, பிழை என்னும் இரண்டு அடையாளங்களோடு தம் கடமையை முடித்துக்கொண்டு மாலையிற் பந்தடி பார்க்கச் செல்வார். நாமோ கொப்பிக் கட்டை மோட்டார்ச் சைக்கிளின் பின்னே வைத்துக் கட்டிக்கொண்டு வீடு செல்வோம். எமக்கு வகுப்புக்கள் 4. வகுப்பொன்றுக்கு மாணாக்கர் 38. ஆகக் கொப்பிகள் 152. கொப்பி ஒன்றுக்கு 5 நிமிடம் எனக் கொண்டாலும் 12 மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். "இவ்வளவு நேரத்தை ஏன் வீணாக்குகின்றீர்கள்? மேலோட்டமாகப் பார்த்துக் கையொப்பம் இட்டுவிடலாமே" என்று அன்பர் சிலர் எமக்குப் புத்தி கூறியதுண்டு. அவர்க்கு நாம் கூறும் விடை ஒன்றே. அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்திலும் நாம் அடையும் இன்பத்தை அவர் அறியார்.

அவ்வின்பங்களுள் முதலாவது எழுத்துப் பிழைகளால் வருவது. எமது நாட்டுப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாய்விட்டமையால், மழைக்காலத்தில் எம் கொப்பிகளில் 'மளை' பொழியும். மாம்பழம் 'மாம்பளம்' ஆகும். இவற்றைத் திருத்துதல் எளிது. ரகர றகர மயக்கமோ சில வேளைகளில் எம்மைத் தனியே இருந்து சிரிக்கச் செய்யும். "அம்மா அதிகாலையில் எழுந்து கரி சமைத்தார்" என்று ஒருவன் எழுதினான். பச்சை விறகோடும் புகையோடும் போராடிய தாயரை நாம் கண்டிருத்தலின், அவன் எழுதியது முழுப் பொய் அன்று என்று எண்ணிக்கொண்டே அந்த ரகரத்தை றகரமாக்கினோம். வேறொருவன் "மல்லிகையின் மனம் முற்றமெங்கும் பரந்தது" என்று எழுதினான். சிவப்புப் பேனையை எடுத்த நாம் சிறிது நேரம் வாளாவிருந்தோம். மல்லிகைக்கு மனம் உண்டெனின், அது பரந்து செல்வதும் அவ்வாறுதானே இருக்கும்! ஆயினும் கடமை கடமையே. 'மணம்' என்று திருத்தினோம். திருத்திய பின்னர் அவ்வாக்கியம் சரியாயிற்று. முன்னிருந்த அழகு சிறிது குறைந்தது.

இரண்டாவது இன்பம், பழைய இலக்கணம் எம் மேசைமேல் உயிர்பெற்று உலாவக் காண்பது. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலே நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்துக் கூறப்பட்டுள்ளன. அவற்றை நாம் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்திற் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணினோம். அவற்றின் பொருளை உள்ளவாறு உணர்த்தியவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கரே. பொங்கலைப் பற்றி எழுதத் தொடங்கி, பொங்கலுக்கு வந்த மாமாவின் புதிய கார் பற்றி மூன்று பக்கம் எழுதியவன் 'மற்றொன்று விரித்தல்' இன்னதென்று காட்டினான். முதற் பக்கத்தில் முத்துப் போன்ற எழுத்தும் நீண்ட வாக்கியமுமாய்ப் புறப்பட்டு, இரண்டாம் பக்கத்திற் களைத்து, மூன்றாம் பக்கத்தில் "இத்துடன் முடிக்கிறேன்" என்று படுத்துவிட்டவன் 'சென்றுதேய்ந்திறுதல்' என்பதற்கு உரையாசிரியன் ஆயினான். சந்தை பற்றி எழுதச் சொன்னபோது ஒருவன் நான்கே வாக்கியத்தில், விலை கேட்பவர் முகத்தையும் விலை சொல்பவர் முகத்தையும் கண்முன் நிறுத்தினான். 'சுருங்கச்சொல்லல்' என்னும் அழகு அதுவே என்று அவனுக்குக் கூறினோம். அவன் நான்கு வாக்கியம் எழுதியமைக்கு அடி விழும் என்று அஞ்சி நின்றவன்.

அப்பாயிரத்திலேயே மாணாக்கரின் வகையுங் கூறப்பட்டுளது. அன்னமும் பசுவும் போல்வார் தலையாயவர். மண்ணும் கிளியும் போல்வார் இடைப்பட்டவர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடைப்பட்டவர் என்பது அதன் கருத்து. கிளி இனிமையாகப் பேசும், பிழையின்றிப் பேசும், தான் கற்ற சொல்லைத் தவிர வேறொன்றும் பேசாது. ஆகலினாலேயே அதனை இடையில் வைத்தனர். நாம் இக்கட்டுரையிற் சொல்லக் கருதியது இக்கிளியைப் பற்றியதே. ஏனெனின், இக்காலத்திற் கிளியைத் தலையாய மாணாக்கன் என்று பாராட்டிப் பரிசும் வழங்கி வருகின்றோம்.

'எனது வாழ்க்கை இலட்சியம்' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வகுப்பிலுள்ள 38 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்வர். நோய் மிக அஞ்சவேண்டிய வகுப்பு அது! கடைகளில் விற்கும் மாதிரிக் கட்டுரை நூல்களும், தனியார் கல்வி நிலையங்களிற் கொடுக்கும் அச்சுத் தாள்களுமே இதற்குக் காரணம். ஒருமுறை 'நூலகத்தின் பயன்' என்பதை நெட்டுருப் பண்ணி வந்த மாணாக்கன் ஒருவனுக்கு, 'விளையாட்டின் பயன்' என்னுந் தலைப்பு வந்துவிட்டது. அவன் சிறிதுங் கலங்கவில்லை. நூலகம் என்று வருமிடமெல்லாம் விளையாட்டு என்று மாற்றினான். "விளையாட்டின்போது எவரோடும் பேசாது அமைதி காத்தல் வேண்டும், எடுத்த பந்தைக் குறித்த தவணைக்குள் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்" என்று முடித்தான். இலக்கணப் பிழை ஒன்றேனும் அதில் இல்லை.

இவற்றிலும் வியப்பான பொருள் ஒன்று உண்டு. அதுதான் ஆறு. 'எனது ஊர்' என்று எழுதச் சொன்னால், எம் மாணாக்கரிற் பலருடைய ஊர்களினூடே சலசலவென்று ஓர் ஆறு பாயும். அதன் இரு மருங்கும் சோலைகள் இருக்கும். தூரத்தே நீலமலை தோன்றும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த தட்டை நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு ஒன்றைத்தான் ஆறென்று சொல்லிக்கொள்கின்றோம். மலையோ கீரிமலை என்னும் பெயரில் மாத்திரம் உளது. பெய்யும் மழையைப் பாறை உறிஞ்சி வைத்திருக்க, அதனைக் கிணறு தோண்டி அள்ளி வாழ்ந்து வந்தோர் எம் முன்னோர். துலாவும் பட்டையும், இக்காலத்து நீரிறைக்கும் இயந்திரமும், கிணற்றடி வாழையும், கமுகும் எம்மூர்க் காட்சிகள். அவை கொப்பியில் இடம்பெறா. எவனோ எங்கோ கண்ட ஆறு இடம்பெறும்.

இவ்வாற்றைப் பற்றி நகைத்து எழுதும் உரிமை எமக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நாம் முதன்முதற் சென்றது தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றுக்கு. அங்கே எட்டாம் வகுப்புக்கு 'எனது ஊர்' என்று தலைப்புக் கொடுத்தோம். மெலிந்த தோற்றமுடைய சிறுவன் ஒருவன் ஒரு பக்கமே எழுதினான். தன் வீட்டுக் கிணற்று நீர் உவர் என்றும், அதிற் குளித்தால் தலைமயிர் பிசுபிசுக்கும் என்றும், குடிநீர் வாரத்தில் இரண்டு நாள் பவுசரில் வரும் என்றும், அந்நாட்களில் அம்மம்மா விடியமுன் குடங்களைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு அவற்றின் அருகே இருந்து தேவாரம் பாடுவார் என்றும் எழுதியிருந்தான். நாம் அதற்கு இருபதுக்கு 6 புள்ளி இட்டு, "வருணனை போதாது, அணிகள் இல்லை" என்று சிவப்பு மையால் எழுதினோம். அருகில் இருந்தவனுடைய கட்டுரையில் ஆறு பாய்ந்தது. அவனுக்கு 16 புள்ளி கொடுத்தோம்.

கொப்பியைப் பெற்றுக்கொண்ட சிறுவன் இரண்டையும் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "சேர், எங்கட ஊரில ஆறு இல்லைத்தானே?" என்று கேட்டான். அவன் வாதாடவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டான். கட்டுரைக்கு அழகு வேண்டும் என்று நாம் ஏதோ கூறி அவனை இருத்தினோம். அடுத்த வாரம் 'ஒரு மாலைப்பொழுது' என்னுந் தலைப்புக்கு அவன் எழுதிய கட்டுரையில் ஆறு ஓடிற்று. கரையில் அன்னங்களும் நின்றன. அதற்கு 15 புள்ளி இட்டோம். இட்ட பின்னரே எமது கை நின்றது. ஒரு பிள்ளை தன் கண்ணாற் கண்டதை எழுதினான். அதனை எழுதாதே என்று நாம் ஒரே வாரத்திற் கற்பித்து முடித்துவிட்டோம். எமது ஆசிரியத் தொழிலில் அத்துணை விரைவாக நாம் எதனையுங் கற்பித்ததில்லை.

அன்றிரவு எம்மைக் கற்பித்த தமிழாசிரியரை நினைத்துக்கொண்டோம். 1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஊரை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நாம் பத்தாம் வகுப்பு மாணாக்கன். கொட்டும் மழையில் அவ்விரவு நடந்தவர்களில் நாமும் ஒருவன். மறுவருடம் ஊர் திரும்பி, மீண்டும் பள்ளி தொடங்கியபோது வகுப்பிற் பாதி வாங்குகள் வெறுமையாய் இருந்தன. கொப்பி ஒருவரிடமும் இல்லை. கிடைத்த தாள்களைத் தைத்துக்கொண்டு வந்தோம். ஆசிரியர் 'எடுத்துச் சென்ற பொருள் ஒன்று' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

எம்மோடு படித்த ஒருவன் தன் வீட்டுத் திறப்பைப் பற்றி எழுதினான். தகப்பனார் கதவைப் பூட்டித் திறப்பைத் தன்னிடம் தந்ததையும், ஆறு மாதம் அதனை அரைஞாணிற் கட்டித் திரிந்ததையும், திரும்பி வந்து பார்த்தபோது கதவு இல்லாதிருந்ததையும் எழுதினான். திறப்பை இன்னும் வைத்திருப்பதாகக் கூறி நிறுத்தினான். முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. ஆசிரியர் அதனை வகுப்பில் உரக்க வாசித்தார். வாசித்து முடித்தபின் புகழவுமில்லை, இரங்கவுமில்லை. அவன் 'திரப்பு' என்று எழுதியிருந்ததை எல்லா இடத்திலும் 'திறப்பு' என்று திருத்தி, கட்டுரையை அவனிடம் மீட்டுக் கொடுத்தார். சொல்லைத் திருத்துவது தம் கடமை என்பதும், சொல்லப்பட்ட பொருளில் தமக்கு உரிமையில்லை என்பதும் அவர் கருத்துப் போலும். அன்று அதன் அருமை எமக்கு விளங்கவில்லை. தீவுப் பள்ளியில் அந்தச் சிறுவனுடைய ஆற்றைக் கண்ட இரவிலேதான் விளங்கிற்று.

மறுவாரம் அச்சிறுவனை அழைத்து, முதலில் எழுதிய கட்டுரையே நன்று என்றும், நாமே பிழைத்தோம் என்றும் கூறினோம். அவன் நம்பியதாகத் தோன்றவில்லை. தவணை முடியுமட்டும் அவனுடைய கொப்பியில் ஆறு வற்றவில்லை. ஆசிரியர் கொடுத்த பாடத்தை ஆசிரியராலேயே மீட்க முடியாமற்போவதும் உண்டு.

நெட்டுருப் பண்ணுதலை நாம் முழுவதும் வெறுப்பவர் அல்லேம். மனனம் எமது மரபு. நிகண்டும் நன்னூலும் திருமுறையும் மனத்தில் இருந்தமையாலேயே எம் முன்னோர்க்குச் சொற்பஞ்சம் வரவில்லை. ஆனால் அவர்கள் மனனஞ் செய்தது சொல்லை. பிறருடைய அனுபவத்தை அன்று. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் அவர்கள், செய்யுளே எழுத்தென்றிருந்த காலத்தில், 1852 இற் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார்கள். கற்றவரன்றிப் பிறரும் வாசித்து அறிதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பாலபாடங்களையும் அந்நோக்கத்தோடே இயற்றினார்கள். திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையிற் பல்லாண்டு ஆசிரியர்களைப் பயிற்றிய பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்களும் சிறு சிறு வாக்கியங்களாற் பெரும் பொருளை விளக்கியவர்கள். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த இப்பெருமக்கள் இருவரும் வசனத்தை அலங்காரத்துக்காக எழுதவில்லை. சொல்லவேண்டியதொன்று இருந்தமையால் எழுதினார்கள். அவர்கள் வழிவந்தோம் என்று பேசும் நாம், சொல்ல ஒன்றுமில்லாமலே நான்கு பக்கம் எழுதப் பிள்ளைகளைப் பழக்குதல் பொருந்துமா?

இப்பொழுது புதியதோர் இடரும் வந்துளது. கைத்தொலைபேசியில் தலைப்பைக் கொடுத்தால் அதுவே நொடிப்பொழுதிற் கட்டுரை எழுதித் தருகின்றது. இது கண்டு சில நண்பர்கள் பெரிதும் அஞ்சுகின்றனர். நாம் அவ்வளவு அஞ்சவில்லை. 'எனது ஊர்' என்று அதனிடங் கேட்டுப் பார்த்தோம். அழகிய தமிழில் ஆறு ஒன்றை ஓடவிட்டது! இருபது ஆண்டுகளாக மாணாக்கரைக் கொண்டு நாம் செய்வித்ததை அது களைப்பின்றிச் செய்கின்றது. அவ்வளவே. கிளி பேசுவதைப் பொறி பேசத் தொடங்கியபின் கிளிக்கு வேலையில்லை. ஆனால் விடியமுன் குடத்தருகே இருந்து தேவாரம் பாடிய அம்மம்மாவைப் பொறி அறியாது. அவரை அறிந்தவன் அச்சிறுவன் ஒருவனே. அவன் எழுதாவிடின் அவர் எழுதப்படார்.

"எல்லாஞ் சரி, பரீட்சையில் புள்ளி குறைந்தால் யார் பொறுப்பு?" என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வியே. எமது வகுப்பிற் சொந்தமாக எழுதப் பழகியோர் அதனால் நட்டமடைந்ததை நாம் கண்டிலம். நெட்டுருப் பண்ணியவன் தலைப்பு மாறினால் விளையாட்டில் மௌனம் காக்கவேண்டி வரும். எழுதப் பழகியவனுக்கு எந்தத் தலைப்பு வந்தாலுஞ் சொல்வதற்கு ஒன்று இருக்கும்.

ஆதலால் இவ்விழாக் காலத்தில் மூன்று விண்ணப்பங்களை முன்வைக்கின்றோம். முதலாவது எம் உடனாசிரியர்களுக்கு. பிள்ளையின் கண்ணுக்கெட்டிய பொருளையே தலைப்பாகக் கொடுங்கள். கிணற்றடியும் படலையும் சந்தையும் பேருந்தும் வீட்டிலுள்ள முதியவர் கூறும் கதையும் போதும். வகுப்புச் சோதனையில் 20 புள்ளியுள் 5 புள்ளியையேனும், அவன் தானே கண்டு எழுதியதற்கென ஒதுக்குங்கள். எழுத்துப் பிழையை இரக்கமின்றித் திருத்துங்கள், பொருளைத் தொடாதீர்கள்.

இரண்டாவது மாணாக்கர்க்கு. உங்கள் வாழ்விற் கட்டுரைக்குரிய பொருள் ஒன்றுமில்லை என்று எண்ணாதீர்கள். ஊருக்கு உள்ள குறையை எழுதுவது ஊரை இகழ்வதாகாது. ஆறு இல்லாவிடின் இல்லை என்றே எழுதுங்கள். அதன் பின்னர் நல்ல தண்ணீருக்கு உங்கள் வீட்டார் என்ன செய்கின்றனர் என்பதை எழுதுங்கள்.

மூன்றாவது பழைய மாணவர்களுக்கு. நீங்கள் கட்டடங்களும் மைதானமும் தந்தீர்கள், கல்லூரி மறவாது. இன்னும் சிறியதொன்று கேட்கின்றோம். ஆண்டுதோறும் மாணாக்கர் எழுதியவற்றுள் தாமே கண்டு எழுதிய பத்துக் கட்டுரைகளைத் தெரிந்து, அவர்தங் கையெழுத்திலேயே கட்டி, கல்லூரி நூலகத்தில் வைத்தற்கு உதவுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் வரையில் அழிந்தன என்பர். பெரியோர் எழுதிய நூல்களுள் அச்சேறியவற்றிற் பல பிறவிடங்களிலேனும் கிடைக்கும். 1996 இல் எம் தோழன் எழுதிய அந்தத் திறப்புக் கட்டுரை வேறெங்கும் இல்லை. தைத்த தாள் எந்த மழையில் நனைந்து போயிற்றோ! அடுத்த விழா மலரை எழுதுவோர், இக்கல்லூரிப் பிள்ளைகள் இந்நாட்களில் எதைக் கண்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று தேடும்போது, பரிசளிப்பு விழா அறிக்கைகள் மாத்திரம் அவர்க்குக் கிடைத்தால் அது எமது குற்றமேயாகும்.

முடிக்கும் முன்னர் எமது மூன்றாவது இன்பத்தையுங் கூறிவிடுகின்றோம். நவராத்திரியிற் சரசுவதி பூசையன்று கொப்பிகளையும் பேனையையும் அடுக்கிப் பட்டுத் துணியால் மூடித் தேவியின் திருமுன் வைத்துவிட்டால், மறுநாட் பூசை முடியும்வரை அவற்றைத் தொடுதல் ஆகாது. அவ்விதியை வகுத்தவர் ஒரு கட்டுரையாசிரியராகவே இருந்திருத்தல் வேண்டும் என்பது எமது ஐயம். ஆண்டில் அந்த ஓர் இரவு நாம் கொப்பி திருத்துவதில்லை. விசயதசமிக் காலையிற் சிறு குழந்தைகள் பச்சையரிசியில் விரல் வைத்து முதலெழுத்தை எழுதி அழுவதையும் சிரிப்பதையும் பார்த்திருப்போம். அவ்வெழுத்து அக்குழந்தையின் விரலால் எழுதப்பட்டது; விரலைப் பிடித்தவர் மாத்திரம் ஆசிரியர். பின்னர் வீடு வந்து துணியை நீக்கி, மேலேயுள்ள முதற் கொப்பியைத் திறப்போம். "எங்கள் ஊரில் ஆறு இல்லை" என்று எவனேனும் எழுதியிருப்பானோ என்னும் ஆவலோடேயே இன்றுந் திறக்கின்றோம்.